தப்ரீஸ் 1294: மங்கோலியர் கொண்டுவந்த காகிதப் பணம் ஏன் இரண்டு மாதம்கூட ஓடவில்லை?

செக்கடி

மங்கோலியர் உலகுக்கு விட்டுப்போனவை என்று யார் பட்டியல் போட்டாலும் காகிதப் பணம் அதில் தவறாமல் வந்துவிடுகிறது. எனக்கு அந்த வரியோடுதான் தகராறு. சீனாவில் குப்ளாய் கான் 1260இல் வெளியிட்ட நோட்டு, ஏற்ற இறக்கத்தோடு என்றாலும், 1350கள் வரை ஓடியது. ஈரானை ஆண்ட கய்காத்து அதே மாதிரி நோட்டை 1294 செப்டம்பரில் தப்ரீஸில் இறக்கினார். இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெற்றாயிற்று.

இரண்டு இடத்திலும் செங்கிஸ் கானின் வழிவந்தவர்கள்தான் ஆட்சி. இரண்டு இடத்திலும் கொலைத் தண்டனை மிரட்டல் உண்டு. நோட்டு என்றால் என்ன என்று தப்ரீஸில் விளக்கியவரே குப்ளாயின் தூதர் போலாத். பிறகு எங்கே பிசகியது?

"இஸ்லாமிய வணிகருக்குக் காகிதத்தில் நம்பிக்கை கிடையாது" என்ற பதில் மட்டும் வேண்டாம். உண்டியல் போன்ற சுஃப்தஜாவும், கொடுப்பாணைச் சீட்டான சக்கும் அவர்களிடம் பல நூற்றாண்டுகளாகப் புழங்கியவை.

நாணயப்பை

நோட்டு ஒன்றுதான், அதன் பின்னால் நின்றது வேறு. முதலில் சீனப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

1260இல் வந்தது ஜோங்தொங் நோட்டு. மல்பெரி மரத்தின் உள்பட்டையை இடித்துச் செய்த கருஞ்சாம்பல் நிறத் தாள். மதிப்பு 10 வென்னிலிருந்து 2 குவான் வரை (வென் என்பது செப்புக் காசு; 1,000 வென் ஒரு குவான்). முதலில் மரப் பலகையில் அச்சடித்தார்கள். 1276இல் செப்புத் தகட்டுக்கு மாறினார்கள், ஏனென்றால் மரம் சீக்கிரம் தேயும், எழுத்து மழுங்கும், அந்த மழுங்கல்தான் கள்ள நோட்டுக்காரனுக்கு வசதி. கறுப்பு மையில் அச்சு, அதன்மேல் செந்நிற முத்திரைகள், வரிசை அடையாள எழுத்து. போலி செய்தால் கொலை என்று நோட்டிலேயே அச்சிட்டார்கள். பின்னால் வந்த ஜீயுவான் நோட்டில், காட்டிக்கொடுப்பவனுக்கு ஐந்து திங் (கட்டி) வெள்ளியும் குற்றவாளியின் சொத்தும் என்று சன்மானமும் அச்சாகியிருந்தது.

இதெல்லாம் வெளித் தோற்றம். உள்ளே மூன்று வேலைகள் நடந்தன.

ஒன்று, மாற்றுக் கிடங்கு. ஊர் ஊராக அமைந்த பிங்ஜுன் கிடங்கில் 2 குவான் கொடுத்தால் 1 லியாங் (சீன எடை அளவு) வெள்ளி. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே சிறு வித்தியாசம் உண்டு. 1287ஆம் ஆண்டுக் கட்டணப்படி 1 லியாங் வெள்ளியை நீங்கள் கொண்டுபோனால் 2 குவான் தருவார்கள்; அதையே அவர்களிடம் வாங்கினால் 2 குவான் 50 வென். தங்கத்துக்கு 20 குவானும் 20 குவான் 500 வென்னும். அதாவது இரண்டரை சதவீத இடைவெளி, அவ்வளவுதான்.

அடுத்தது நைந்த நோட்டு. சீனத்தில் இதற்கு "மங்கல் நோட்டு" என்றே பெயர். குவானுக்கு 30 வென் கட்டினால் புதிய நோட்டு. மூன்று சதவீதம். இந்த ஏற்பாடு இல்லையென்றால் சந்தையில் புது நோட்டுக்கு ஒரு விலை, கசங்கியதற்கு ஒரு விலை என்று இரட்டை விலை வந்துவிடும். ஏற்பாடு இருந்த ஊர்களிலும், கவுண்டரில் இருந்தவன் பங்கு கேட்டதால் அது வரத்தான் செய்தது.

மூன்றாவதைக் கணக்கர் சொன்னால் நன்றாக இருக்கும். உப்பு அவர் பேட்டை.

கணக்கர்

வெள்ளியைவிட உப்புதான் பெரிது. யுவான் அரசு, அதாவது சீனாவில் குப்ளாய் வம்சத்தின் அரசு, உப்பைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. வணிகர் அரசிடம் யின் என்ற உரிமச் சீட்டு வாங்க வேண்டும்; ஒரு யின்னுக்கு 400 ஜின் (இதுவும் ஓர் எடை அளவு) உப்பு. அந்தச் சீட்டின் விலையை அரசு நோட்டில் வாங்கியது. உப்பு இல்லாமல் எந்த வீடும் இல்லை, நோட்டு இல்லாமல் உப்பு இல்லை. ஆக நோட்டு என்பது "அரசன் சொன்னதால் செல்லும்" காகிதமல்ல, உப்பு வாங்கும் சீட்டு. வெளியே போன நோட்டு வரியாகவும் உப்பு விலையாகவும் திரும்பக் கஜானாவுக்கு வந்தது. அந்தச் சுழற்சி இருக்கும்வரை வெள்ளி கையிருப்பு குறைந்தால்கூடச் சமாளிக்கலாம்.

இன்னொன்று: சிச்சுவானில் அரசு நோட்டு 1024இலேயே வந்துவிட்டது. அதன்பின், மங்கோலியருக்கு முன் சீனாவை ஆண்ட ஜின் அரசும் தென்சோங் அரசும் அளவுக்கு மீறி அடித்து மதிப்பைக் கெடுத்து, அந்தப் பாடமும் படித்தாயிற்று. குப்ளாயின் அதிகாரிகள் 236 ஆண்டு அனுபவத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். "மங்கோலியர் கண்டுபிடிப்பு" என்று இதைச் சொல்வது, குடியேறியவன் வீடு கட்டினான் என்பது போல.

செக்கடி

சரி. தப்ரீஸ் நோட்டில் இவற்றில் எது இருந்தது, எது இல்லை?

நாணயப்பை

அந்தக் காலப் பாரசீக வரலாற்றாசிரியர்கள் வஸ்ஸாஃபும் ரஷீதுத்தீனும் தரும் விவரங்களைச் சேர்த்தால் ஓரளவு முழுப்படம் கிடைக்கும்.

முதலில் காரணம். கய்காத்து அள்ளிக் கொடுக்கும் ஆள், கஜானா காலி. அமைச்சர் சத்ருதீன் ஸன்ஜானிக்குத் தேவைப்பட்டது பணம், பணச் சீர்திருத்தம் அல்ல. போலாத் விளக்கியதில் அவர் காதில் விழுந்த வரி ஒன்றே: மக்கள் கையில் தாள் புழங்கும், வெள்ளி அரசன் கஜானாவுக்கு வரும். முதல் நாளிலேயே திசை தலைகீழ். சீனாவில் தொடக்க காலத்தில் கிடங்கில் வெள்ளியை வைத்துவிட்டு நோட்டை வெளியே விட்டார்கள். இங்கே வெள்ளியை உள்ளே இழுக்கத்தான் நோட்டு.

நோட்டின் தோற்றம்: நீள்சதுரம். சில சீன எழுத்துகள், மேலே இஸ்லாமிய உறுதிமொழி, அதன்கீழ் கய்காத்துவுக்குப் பௌத்தத் துறவிகள் சூட்டிய திபெத்தியப் பெயரான ரின்சென் தோர்ஜே, நடுவில் வட்டத்துக்குள் மதிப்பு. அரை திர்ஹமிலிருந்து பத்து தினார் வரை. மூன்று மொழி, இரண்டு மதம், ஒரு தாள். தப்ரீஸ் கடைக்காரருக்கு அதில் தெரிந்தது உறுதிமொழி மட்டும்.

பெயரும் சீனப் பெயரேதான்: சாவ். தமிழில் எழுதும்போது வேறு பொருள் தொனிக்கிறது. வாங்க மறுத்தவனுக்குக் கிடைக்கவிருந்தது அதுதான் என்பதால் அப்படியே விடுகிறேன்.

நைந்த நோட்டை மாற்றலாம். பத்து தினாருக்கு ஒன்பதுதான் திரும்ப வரும். சீனாவில் மூன்று, இங்கே பத்து சதவீதம். மாகாணந்தோறும் சாவ்கானா, அதாவது நோட்டு அலுவலகம், கட்ட உத்தரவு போனது. தங்க வெள்ளிப் பாத்திரம் செய்வதற்கும் சரிகைத் துணி நெய்வதற்கும் தடை. அரசனுக்கு மட்டும் விலக்கு. ஆனால் உள்ளூர்க் கடைக்காரர் நினைத்த நேரத்தில் நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்கிக்கொள்ளும் கிடங்கு? அது ஏற்பாட்டிலேயே இல்லை.

பிறகு நடந்தது எளிதாக ஊகிக்கக்கூடியதுதான். முதல் சில நாள் கத்திக்குப் பயந்து வியாபாரம் நடந்தது. கையிலிருந்த சரக்கு தாளாக மாறியதும் யாரும் புதிதாகச் சரக்கு இறக்கவில்லை. கடைகள் மூடின, ரொட்டி கிடைக்கவில்லை, ஊரைவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக் கூட்டத்தில் வெளிப்படையாகவே சாபமிட்டார்கள். முதலில் உணவுப் பொருளுக்கு மட்டும் நாணயம் செல்லும் என்று தளர்த்தினார்கள். தளர்த்திய அன்றே கதை முடிந்தது. உணவுக்கு நாணயம் செல்லும் என்றால் உணவு விற்றவன் மற்ற எதற்கும் தாள் வாங்குவானா?

லாயம்

நாணயப்பை சொல்வதில் பிழையில்லை, ஆனால் கிடங்கு வைத்திருந்தால் மட்டும் ஓடியிருக்கும் என்று நான் ஏற்கமாட்டேன். அந்த அரசு கொடுத்த எந்தத் தாளையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அதற்கு முந்தைய முப்பது வருடமாகவே அது கொடுத்த தாள்கள் வெறும் தாள்தான். அஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாம் என்ற மங்கோலிய அஞ்சலுக்கு, செங்கிஸின் மகன் ஒகதேய் காலத்தில், 1230களில், ஒழுங்கான வடிவம் வந்தது. நடைமுறை இது: குறித்த தொலைவுக்கு ஒரு நிலையம், அதில் குதிரை, தீவனம், சாப்பாடு, ஆள். தூதுவன் கழுத்திலோ இடுப்பிலோ பைஸா என்ற அனுமதி வில்லை தொங்கும். அதன் உலோகமும் உருவமும் பார்த்து எத்தனை குதிரை, எவ்வளவு அவசரம் என்று நிலையத்தார் புரிந்துகொள்வார்கள். எஞ்சியிருக்கும் இரும்பு வில்லைகளில் வெள்ளி இழைத்து பக்பா என்ற யுவான் அரசு எழுத்தில் "நித்திய வானத்தின் வலிமையால், கானின் ஆணை, மதியாதவன் குற்றவாளி" என்ற பொருளில் வாசகம் இருக்கிறது.

செலவு யார் தலையில்? யுவானில் அஞ்சல் குடும்பங்கள் என்று தனிப் பிரிவு. நான்கு சிங் நிலம்வரை, அதாவது 400 மூ, நிலவரி விலக்கு. அதற்குப் பதில் குதிரை, அதன் தீவனம், ஆள், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு பஞ்சத்தில் குதிரை செத்தால் புதுக் குதிரையும் அவர்களே வாங்க வேண்டும். கடன் வாங்கி, பிள்ளையை விற்று, கடைசியில் ஓடிப்போவார்கள். ஓடியவன் பங்கு மிஞ்சியவன் தலையில். சுமார் 1,400 நிலையம் என்ற எண்ணைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், அந்த ஒவ்வொன்றையும் எத்தனை வீடு சுமந்தது என்று சொல்வதில்லை.

ஈரானில் அந்த விலக்குகூட ஒழுங்காக இல்லை. ஒவ்வொரு இளவரசரும், அரசியும், ஏன், அரண்மனைப் பருந்துப் பராமரிப்பாளரும் எல்ச்சி (தூதர்) என்ற பெயரில் ஆள் அனுப்பினார்கள். நிலையத்தில் குதிரை இருக்காது, ஆக வழியில் போகும் வணிகரின் குதிரை, விவசாயியின் கழுதை. ஊருக்குள் தங்கினால் வீட்டுக் கதவு, படுக்கை, கோழி. வரி வசூலுக்கு ஆள் வருகிறானா என்று கூரையில் ஆள் நிறுத்திப் பார்த்த கிராமங்களைப் பற்றி ரஷீதுத்தீன் எழுதுகிறார். கையில் முத்திரைத் தாளோடு வந்தவன் எல்லோரும் எதையாவது எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். 1294இல் இன்னொரு முத்திரைத் தாளைக் கொடுத்து "இது தினார்" என்றால்?

கணக்கர்

> அந்த அரசு கொடுத்த எந்தத் தாளையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்

வட சீனத்திலும் 1230களில் இதே கதைதானே? வரியை வெள்ளியில் கட்டச் சொன்னார்கள். விவசாயியிடம் வெள்ளி ஏது? அரசகுடும்பத்தின் முதலீட்டில் இயங்கிய ஓர்தோக் வணிகரிடம் கடன். ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும் வட்டி. செம்மறி குட்டி போடுவது போல வளர்வதால் "ஆட்டுக்குட்டி வட்டி" என்றே பெயர். 1240இல் ஒகதேய் வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்று ஆணையிட்டு, கடனை அரசு வெள்ளியால் அடைக்க வேண்டியிருந்தது. 1239இல் அப்துர் ரஹ்மான் என்ற வணிகர் வரிக் குத்தகையை 22,000 திங் வெள்ளியிலிருந்து 44,000க்கு ஏற்றி எடுத்தார். அவ்வளவு கொடூரம் நடந்த நிலத்தில்தான் இருபது வருடம் கழித்து நோட்டு ஓடியது. ஆக, பழைய கசப்பு மட்டும் காரணமாகாது.

இடையில் நடந்த வேலை முக்கியம். 1230 வாக்கில் வட சீனத்து வயல்களை அழித்து மேய்ச்சல் நிலமாக்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னபோது, ஒகதேயின் அமைச்சர் யெலூ சூசாய் கருணையைப் பற்றிப் பேசவில்லை. நிலவரி, வணிக வரி, உப்பு, மது, இரும்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் லியாங் வெள்ளி, 80,000 சுருள் பட்டு, 4 லட்சம் ஷி (தானிய அளவு) தானியத்துக்கு மேல் எடுத்துத் தருகிறேன் என்று கணக்கு வைத்தார். மேய்ச்சல் பேச்சு நின்றது. அவர் போட்ட வரி அலுவலகங்கள் பின்னால் சிதைந்தாலும் பழக்கம் நின்றது. நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஓர் இயந்திரம் அங்கே இருந்தது. தப்ரீஸில் இல்லை.

லாயம்

இயந்திரம் இல்லை என்பதைத்தான் நானும் வேறு வார்த்தையில் சொன்னேன். கசப்பை நீங்கள் கழித்துவிட்டீர்கள், நான் கழிக்க மாட்டேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

கொற்கைத்துறை

நோட்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது, யாரும் தொடவில்லை. பாரசீக வளைகுடாவிலிருந்து அந்நிய நாட்டுக்கு வணிகம் செய்பவர்கள் மட்டும் நோட்டைக் கஜானாவில் கொடுத்துத் தங்கம் வாங்கிக்கொள்ளலாம். ஏன் இந்த விலக்கு? கடலுக்கு அப்பால் கய்காத்துவின் கத்தி எட்டாது.

அந்த அப்பாலில் பாண்டிய நாடும் உண்டு. அந்த வளைகுடாவின் கீஷ் தீவுத் தலைவரும் பாரசீக மாகாண வரிக் குத்தகைக்காரருமான ஜமாலுத்தீன் தீபி, மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்பும் ஒப்பந்தம் வைத்திருந்தார். ஒரு குதிரை 220 செம்பொன் தினார் என்கிறார் வஸ்ஸாஃப். வழியில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு. பெருக்கினால் 3,08,000 தினார். காயல் துறையில் தீபியின் சகோதரர் தக்கியுத்தீன் பாண்டியனின் அமைச்சராகவே இருந்தார். வாங்குபவன் விற்பவன் இரு முனையும் ஒரே குடும்பம். இந்த ஓட்டத்தில் தங்கம் வருவது ஈரான் பக்கம். ஆனால் மிளகும் துணியும் வாங்கப் போகும் கப்பலுக்குக் கையில் உலோகம் வேண்டும். சாவ் தாளை எடுத்துக்கொண்டு கொல்லத்தில் போய் மிளகு கேட்டால் என்ன நடக்கும் என்று சத்ருதீனுக்கே தெரிந்திருந்தது.

அந்த விலக்கே நோட்டைக் கொன்றிருக்கும் என்பது என் கணிப்பு. கடல் வணிகருக்குத் தங்கம் உண்டு, உனக்கு இல்லை என்று அரசே எழுதிவைத்தால், தாளின் உண்மை மதிப்பு என்ன என்று தப்ரீஸ் கடைக்காரருக்கு வேறு யார் சொல்ல வேண்டும்?

மணற்கேணி

குறுக்கே வருகிறேன். சீன நோட்டும் கடைசியில் குப்பைதானே ஆனது? அதை வெற்றி என்று சொல்வது எப்படி?

நாணயப்பை

எப்போது கெட்டது என்பதை ஆண்டுவாரியாகக் காட்டலாம். 1260இல் அச்சிட்டது சுமார் 73,000 திங் (50 குவான் ஒரு திங்). 1276இல், தென்சோங் தலைநகர் விழுந்த ஆண்டில், 14 லட்சம் திங்குக்கு மேல். ஒரு பகுதி நியாயமானது: தெற்கின் பழைய நோட்டை ஐம்பதுக்கு ஒன்று என்று மாற்றித் தர வேண்டியிருந்தது, பொருளாதாரமும் பல மடங்கு பெரிதாகிவிட்டது. நியாயமில்லாதது, அதே காலத்தில் மாகாணக் கிடங்குகளின் வெள்ளியைத் தலைநகருக்கு அள்ளிக்கொண்டு போனது. நிதியைக் கையில் வைத்திருந்தவர் அஹ்மத் ஃபனாகதி, 1282இல் கொலையுண்டார். 1287இல் புதிய ஜீயுவான் நோட்டு, பழையதற்கு ஒன்றுக்கு ஐந்து. அதாவது 1 லியாங் வெள்ளி 2 பழைய குவானிலிருந்து 10 பழைய குவான். 27 ஆண்டில் நோட்டு ஐந்தில் ஒரு பங்கு மதிப்புக்கு வந்துவிட்டது.

கணக்கர்

உப்பு விலையிலும் பார்க்கலாம். ஒரு யின்: 1276இல் 9 குவான், 1296இல் 65, 1315இல் 150. அப்போதும் ஓடியது, ஏனென்றால் உப்பு வாங்க அதுதான் வேண்டும். முறிந்தது 1350க்குப் பிறகு. அந்த ஆண்டு அமைச்சர் தொக்தோவா புது நோட்டு அடித்தார்; 1351இல் மஞ்சளாற்றைத் திருப்ப ஒன்றரை லட்சம் மக்களைக் கட்டாய வேலைக்கு இறக்கினார்கள்; அதே ஆண்டு செந்தலைப்பாகைக் கலகம். உப்பு வயல்களும் நெல் வரும் கால்வாயும் கலகக்காரர் கைக்குப் போனதும் நோட்டுக்குத் திரும்பி வர இடமில்லை. தலைநகரில் பத்து திங் கொடுத்தாலும் ஒரு தோவ் தானியம் கிடைக்கவில்லை என்று யுவான் வரலாறு எழுதுகிறது. 500 குவானுக்குப் பத்து லிட்டர்கூட இல்லை.

மணற்கேணி, ஓர் அரசின் ஆயுளை ஒட்டி ஓடிய பணத்தைக் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன்.

செக்கடி

தோல்விக்குப் பின் ஈரானில் என்ன ஆனது?

நாணயப்பை

கய்காத்து 1295இல் கொல்லப்பட்டார், அதே ஆண்டு கஸான் ஆட்சிக்கு வந்தார். அவர் செய்தது நேர் எதிர்: உலோகத்தையே சீராக்கினார். வெள்ளி திர்ஹம் ஏறத்தாழ 2.16 கிராம், ஆறு திர்ஹம் ஒரு தினார், நாடு முழுக்க ஒரே எடை. எடைக்கற்களும் அளவுகளும் தப்ரீஸ் தரத்துக்கு வந்தன. சத்ருதீனை 1298இல் கஸான் கொன்றார். நோட்டுக்காக அல்ல, அரண்மனைச் சூழ்ச்சியில்.

லாயம்

அஞ்சலையும் பிரித்துக் கட்டினார். முக்கியப் பாதையில் மூன்று ஃபர்சக்குக்கு ஒரு நிலையம், அதாவது 18 கி.மீ. வாக்கில், ஒவ்வொன்றிலும் பதினைந்து நல்ல குதிரை. அரச முத்திரை இல்லாமல் குதிரை கிடையாது. கிராமத்தில் எடுக்க வேண்டிய வரியைப் பலகையிலோ கல்லிலோ செதுக்கி ஊர் வாசலில் வைக்கச் சொன்னார், வருகிறவன் வாய்க்கு வந்ததைக் கேட்க முடியாதபடி. ஆணைகளைத் தொகுத்தவர் அமைச்சர் ரஷீதுத்தீனே என்பதால் பலனைப் பற்றிய அவர் பெருமைப்பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

வேறு பக்கம் பார்த்தால், ரஷ்யாவில் யாம் மொழியிலேயே தங்கிவிட்டது: அஞ்சல் வண்டிக்காரன் யாம்ஷிக், பணம் தெங்கி, சுங்கம் தமோஷ்னியா. கடைசிச் சொல் தம்கா என்ற மங்கோலிய வணிக வரியிலிருந்து. அந்த தம்காவை ஈரானில் ஷா தஹ்மாஸ்ப் 1565இல்தான் ஒழித்தார். சாவ் இரண்டு மாதம், தம்கா முந்நூறு வருடம். எடுப்பதற்கான கருவி எப்போதும் நீண்ட ஆயுள் கொண்டது.

மணற்கேணி

அப்போது டெல்லியில் முகம்மது பின் துக்ளக்கின் பித்தளை நாணயம்? அதுவும் இந்த வரிசையில் வருமா?

நாணயப்பை

வரும், ஆனால் நேர் எதிர்க் காரணத்தால் செத்தது. 1330ஐ ஒட்டி வெளியான அந்த அடையாள நாணயத்தை வெள்ளி தங்காவுக்குச் சமமாக ஏற்கச் சொன்னார். நாணயத்தில் "சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவன் இறைவனுக்குக் கீழ்ப்படிந்தவன்" என்ற வாசகம். வரியாகவும் ஏற்றார்கள். ஓட்டை எங்கே என்றால், செம்பும் பித்தளையும் எந்தக் கன்னான் பட்டறையிலும் வார்க்கலாம். மல்பெரித் தாளும், செப்புத் தகடும், முத்திரையும், எழுத்து வரிசையும் தடுத்ததை இங்கே தடுக்க எதுவும் இல்லை. வீட்டுக்கு வீடு அக்கசாலை ஆனது என்று டெல்லி வரலாற்றாசிரியர் பரனி திட்டுகிறார். கடைசியில் கொண்டுவந்ததற்கெல்லாம் சுல்தான் வெள்ளி கொடுத்தார். திரும்பி வந்த நாணயம் துக்ளகாபாத்தில் மலையாகக் குவிந்தது. கஜானா காலியான அரசரிடம் கிடங்கு இல்லை; கிடங்கு நிறைந்தவரிடம் அச்சுப் பாதுகாப்பு இல்லை.

செக்கடி

கொற்கைத்துறை, சீனத் துறைமுகத்தில் தமிழர் இந்த நோட்டைப் பயன்படுத்தியதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டா? சீனத் துறைமுகமான ச்சுவான்ஜோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டை இதற்குச் சான்றாக ஒருவர் காட்டினார்.

கொற்கைத்துறை

அந்தக் கல்வெட்டில் பணம் பற்றிய சொல்லே இல்லை. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நாள், கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்தி திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்கிறார், செகாசைகான் நலத்துக்காக. செகாசைகான் என்பது குப்ளாயைக் குறிப்பதாகக் கொள்கிறார்கள். அடியில் ஒரு சீன வரி.

எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. கோயில் எழுந்தது கானின் "பர்மான்"படி என்கிறது கல்வெட்டு. பாரசீகத்தின் ஃபர்மான், அதாவது அரசாணை. சீனத் துறைமுகத்தில், மங்கோலியன் ஆட்சியில், தமிழ் எழுத்தில், சிவன் கோயிலுக்கு. அதிகாரிகளோடு பேச அந்தத் துறையில் எந்த மொழி உதவியது என்று அந்த ஒரு சொல்லிலிருந்து கேட்கத் தோன்றுகிறது. நோட்டுக்குச் சான்று வேண்டுமென்றால் வேறு கல்லைத்தான் தேட வேண்டும்.